மந்தர ஒலிபெருக்கியும் அதன் பெட்டியும்

தோற்றுவாய்

வழிப்பயணத்தின் அலுப்புத் தீரக் காரில் அமர்ந்தவாறே இசை கேட்கும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1930-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டில் பால் கால்வின் என்பவரது தொழிற்சாலையார் 'மோட்டரோலா' என்னும் பெயரால் காருக்குரிய வானொலிப் பெட்டியைச் செய்து விற்கத் தொடங்கினர். அந்நாளில் வண்டியின் இரைச்சலுக்கிடையே குரல் காதில் விழுதலே பெரும் பேறாகக் கருதப்பட்டது. இந்நாளிலோ குரல் கேட்டல் மட்டும் போதாது. மிருதங்கத்தின் தொப்பியும், தவிலின் முழக்கமும், தேவாலயத்து ஆர்கனின் பெருங்குழலும் உள்ளவாறே கேட்டல் வேண்டும் என இளைஞர் விழைகின்றனர். அவ்விழைவு குற்றமுடையதன்று. அதனை நிறைவேற்றும் பொருட்டே காரின் டிக்கியில் தனியே ஒரு பெரிய ஒலிபெருக்கி வைக்கப்படுகின்றது. சப்ஊஃபர் என யாவரும் வழங்கும் அதனை, மந்தர ஸ்தாயிச் சுரங்களையே ஒலித்தலின், மந்தர ஒலிபெருக்கி என யாம் இக்கட்டுரைக்கண் குறிப்போம்.

இதன்கண் ஒரு வியப்பு உளது. ஒலிபெருக்கி வாங்குவோர் அதன் விலையையும் ஆற்றலையும் பலகாலும் ஆராய்கின்றனர்; பெட்டியையோ கடையில் எது கிடைத்ததோ அதனையே கொள்கின்றனர். பின்னர் எப்பாட்டைக் கேட்பினும் ஒரே 'தொம் தொம்' என்னும் ஓசையே எழக் கண்டு, ஒலிபெருக்கியைக் குறை கூறுகின்றனர். வீணைக்குக் குடம் எவ்வாறோ, மந்தர ஒலிபெருக்கிக்குப் பெட்டியும் அவ்வாறே. அஃது உறையன்று, கருவியின் ஒரு பாதியாம். இவ்வுண்மையை விளக்கி, பெட்டியைத் தேர்ந்து தம் கையாலேயே செய்துகொள்ளும் முறையையும் ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

பெட்டி எற்றுக்கு?

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கிச் செல்லுங்கால் முன்னுள்ள காற்று நெருக்கப்படுகின்றது. அதே கணத்தில் பின்னுள்ள காற்று தளர்கின்றது. ஆகவே முன்புறத்து அலையும் பின்புறத்து அலையும் ஒன்றற்கொன்று நேர்மாறானவை. வெயிற்காலத்துக் காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்லும். 40 ஹெர்ட்ஸ் அளவினதாகிய மந்தர சுரத்தின் அலைநீளம், இக்கணக்கின்படி, எட்டரை மீட்டருக்குச் சிறிது கூடுதலாம். அத்துணை நெடிய அலைக்கு ஒரு சாண் அகலக் கூம்பு ஒரு தடையே அன்று. பின்னலை எளிதில் வளைந்து முன்னே வந்து முன்னலையை அழித்துவிடும். பெட்டியில்லாத ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்து இயக்கினால் கூம்பு துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். மந்தர ஒலியோ காதுக்கு எட்டாது. இதுவே காரணம். பின்னலையைச் சிறைப்படுத்துதல், அல்லது அதனைத் திருத்தி நற்பயனுக்கு உரியதாக்குதல், இவ்விரண்டனுள் ஒன்றே பெட்டியின் தொழில்.

மந்தர ஒலிக்குப் பெரிய கூம்பு வேண்டுவதன் காரணமும் ஈண்டு அறியத்தக்கது. ஒரே அளவு முழக்கத்தைத் தருதற்கு, அதிர்வெண் பாதியாகக் குறையுந்தோறும் கூம்பு நான்கு மடங்கு தொலைவு நகர்தல் வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் நகர்வது போதுமாயின், 40 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டர் நகர வேண்டும். அன்றியும், நம் செவியும் தாழ்ந்த ஒலிகளைக் கேட்பதில் மந்தமுடையது. இதனை 1933-ஆம் ஆண்டில் ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து காட்டினர்.

பெட்டியின் வகைகள்

பெட்டிகள் பலவாயினும், முதன்மையானவை இரண்டே. ஒன்று மூடிய பெட்டி; மற்றொன்று குழலுடைய பெட்டி.

மூடிய பெட்டியில் காற்றுப் புகவோ வெளியேறவோ வழியில்லை. உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போன்று கூம்பைத் தாங்கி நிற்கும். 1954-ஆம் ஆண்டில் எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்க அறிஞர் இக்காற்று வில்லையே முதன்மைத் தாங்கலாகக் கொண்டு சிறு பெட்டியிலும் ஆழ்ந்த ஒலி பிறப்பிக்கலாம் எனச் செய்து காட்டினார். இப்பெட்டி செய்தற்கு எளிது. அளவில் சிறு பிழை நேரினும் பொறுத்துக்கொள்ளும். தாளத்தின் அடி தெளிவாகத் தொடங்கித் தெளிவாக முடியும்.

குழலுடைய பெட்டியின் தத்துவம் நம் வீட்டுக் குடத்திலேயே உளது. வெறுங்குடத்தின் வாயில் ஊதினால் ஒரே சுரம் எழும். வாயிலுள்ள காற்று ஒரு சுமையாகவும், வயிற்றிலுள்ள காற்று ஒரு வில்லாகவும் நின்று ஊசலாடுதலே அதன் காரணம். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனை நன்கு ஆராய்ந்தார். பெட்டியில் ஒரு குழலைப் பொருத்தினால் அதுவும் அக்குடம் போலவே ஒரு குறித்த சுரத்திற்கு ஒத்ததிரும். அச்சுரத்தினருகே பின்னலை திரும்பி, முன்னலையோடு கூடி வலுப்பெறும். 1930-ஆம் ஆண்டில் தூராஸ் என்பவர் இம்முறைக்கு உரிமைப் பட்டயம் வேண்டி விண்ணப்பித்து, 1932-இல் பெற்றார். ஒரே ஆற்றலுக்கு மூடிய பெட்டியினும் இது மிகுந்த முழக்கம் தரும். ஆயினும் இடம் மிகுதியாக வேண்டும். கணக்குப் பிழைத்தால் ஒலியும் பிழைக்கும். குழலின் சுரத்திற்குக் கீழே கூம்பைத் தாங்குவார் ஒருவருமின்றி அது மிகுதியாகத் துள்ளிச் சேதமுறவுங் கூடும்.

இவற்றினிடையே ஒரு பொது விதி உண்டு. சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, மிகுந்த முழக்கத்திறன் ஆகிய மூன்றனுள் இரண்டையே ஒருவர் பெறலாம். மூன்றாவதை இழத்தல் வேண்டும். ஹாஃப்மனின் இரும்பு விதி என்பது இதுவே. கடைக்காரர் மூன்றையும் ஒருங்கே தருவதாகக் கூறின், அவர் இயற்கையின் விதியை மீறிப் பேசுகின்றார் என்று அறிக.

காருக்கு ஏற்றது எது?

வீட்டு அறைக்கும் காருக்கும் பெரிய வேற்றுமை உளது. ஒலியலையின் பாதி நீளம் வண்டியின் உள்நீளத்தினும் மிகுமாயின், அவ்வலை அங்கே அலையாக ஓடுவதில்லை. உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒரு கட்டியாக நெருங்கித் தளர்கின்றது. உள்நீளம் 2.5 மீட்டர் எனின், ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸிற்குக் கீழே இந்நிலை தொடங்கும். அதன்கீழ், அதிர்வெண் பாதியாகுந்தோறும் 12 டெசிபல் அளவு முழக்கம் தானே ஏறும் என்பது கணக்கு. மூடிய பெட்டியின் ஒலியோ, தன் எல்லைக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகுந்தோறும் அதே 12 டெசிபல் குறைவது. ஒன்றன் குறைவை மற்றொன்றின் ஏற்றம் ஈடுசெய்வது எத்துணைப் பொருத்தம்! கதவிடுக்குகளும் மெல்லிய தகடுகளும் சிறிது ஒலியை இழப்பினும், பெரும்பயன் எஞ்சியே நிற்கும். குழலுடைய பெட்டியின் ஒலி 24 டெசிபல் வீதம் வீழ்வதால் அதற்கு இப்பொருத்தம் இல்லை.

ஆகவே, பலவகை இசையும் தெளிவாகக் கேட்க விரும்புவோருக்கும், டிக்கியில் பயணப் பைகளுக்கும் இடம் வேண்டும் குடும்பத்தாருக்கும், முதன்முறை தாமே பெட்டி செய்வோருக்கும் மூடிய பெட்டியையே யாம் பரிந்துரைப்போம். சிறு ஆற்றலுடைய ஆம்பிளிஃபயர் கொண்டு பெருமுழக்கம் வேண்டுவோர், கணக்கில் கவனமுடையராயின், குழலுடைய பெட்டியைக் கொள்ளலாம்.

ஒலிபெருக்கியே தன் விருப்பத்தைக் கூறுதலும் உண்டு. அதனுடன் வரும் குறிப்புத்தாளில் எஃப்.எஸ்., க்யூ.இ.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்னும் எண்கள் காணப்படும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961-இலும், ரிச்சர்டு ஸ்மால் என்பவர் 1972 முதலும் வெளியிட்ட ஆராய்ச்சிகளே இவ்வெண்களுக்கு அடிப்படையாதலின், இவற்றைத் தீல்–ஸ்மால் அளவைகள் என்பர். எஃப்.எஸ். என்பது பெட்டியின்றித் தொங்குங்கால் கூம்பு தானே ஊசலாடும் அதிர்வெண். க்யூ.டி.எஸ். என்பது அவ்வூசல் எத்துணை விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும். எண் சிறிதாயின் விரைந்து அடங்கும். வி.ஏ.எஸ். என்பது கூம்பின் தாங்கலுக்கு ஒத்த விறைப்புடைய காற்றின் கொள்ளளவு. எஃப்.எஸ். எண்ணை க்யூ.இ.எஸ். எண்ணால் வகுக்க வருவது 50-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பின் மூடிய பெட்டியும், 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பின் குழலுடைய பெட்டியும் பொருந்தும்; இடைப்பட்டது இரண்டற்கும் இணங்கும்.

அளவு காணும் முறை

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம். 10 அங்குல ஒலிபெருக்கி ஒன்றற்கு எஃப்.எஸ். 30 ஹெர்ட்ஸ், க்யூ.இ.எஸ். 0.50, க்யூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 50 லிட்டர் எனக் கொள்வோம். 30-ஐ 0.50-ஆல் வகுக்க 60. ஆதலின் மூடிய பெட்டிக்கு இசைந்ததே.

பெட்டியிலிட்ட பின்னர் உண்டாகும் மொத்த க்யூ எண் 0.7 அளவில் இருப்பின் ஒலி மேடுபள்ளமின்றிச் சமமாக அமையும். வேண்டிய எண்ணாகிய 0.707-ஐ 0.45-ஆல் வகுக்க 1.57 வரும். அதனை அதனாலேயே பெருக்க 2.47. ஒன்றைக் கழிக்க 1.47. வி.ஏ.எஸ். அளவாகிய 50-ஐ இதனால் வகுக்க 34. ஆகவே பெட்டியின் உட்கொள்ளளவு 34 லிட்டர் என்பது விடை. பெட்டியினுட் சென்ற ஒலிபெருக்கியின் அதிர்வெண்ணும் அதே 1.57 மடங்கு உயர்ந்து, 47 ஹெர்ட்ஸ் ஆகும்.

இடம் போதாதென்று பெட்டியைக் குறைத்தால் நேர்வது யாது? 20 லிட்டராயின் க்யூ எண் 0.84, அதிர்வெண் 56 ஹெர்ட்ஸ், இது பொறுக்கத்தக்கதே. 10 லிட்டராயின் க்யூ எண் 1.10, அதிர்வெண் 73 ஹெர்ட்ஸ். ஆழ்ந்த சுரங்கள் மறைய, எழுபதுகளை ஒட்டிய சுரங்கள் மட்டும் புடைத்து நிற்கும். தெருவிற் கேட்கும் 'தொம் தொம்' ஓசையின் பிறப்பிடம் பெரும்பாலும் இத்தகைய பொருந்தாப் பெட்டியே.

குழலுடைய பெட்டிக்கும் ஒரு கணக்குக் காட்டுதும். 50 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸிற்கு ஒத்ததிரச் செய்ய, 10 செ.மீ. விட்டமுள்ள குழல் 31 செ.மீ. நீளம் வேண்டும். விட்டம் 7.5 செ.மீ. ஆயின் 16 செ.மீ. நீளமே போதும், ஆனால் குறுகிய வழியில் காற்று விரைந்தோடிப் 'புஸ்' என்று இரையும். இரைச்சலுக்கு அஞ்சி விட்டத்தை 15 செ.மீ. ஆக்கினாலோ குழலின் நீளம் ஏறத்தாழ 76 செ.மீ. ஆகி, அது பெட்டிக்குள்ளேயே அடங்காது. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது ஈண்டும் பொருந்தும்.

பெட்டி செய்யும் முறை

மேற்கூறிய மூடிய பெட்டியையே எடுத்துக்கொள்வோம். 34 லிட்டரோடு, ஒலிபெருக்கியின் காந்தமும் சட்டமும் அடைக்கும் இடத்திற்காக 2 லிட்டரும், உள்ளே வைக்கும் தாங்குகட்டைக்காக 1 லிட்டரும் கூட்டி 37 லிட்டர் எனக் கொள்க. உள்ளளவு 40 செ.மீ. அகலம், 33 செ.மீ. உயரம், 28 செ.மீ. ஆழம் ஆயின் இது கிடைக்கும். அறுக்குமுன் டிக்கியின் வாயை அளந்து, முடிந்த பெட்டி அதன்வழி நுழையுமா என்பதையும், மாற்றுச் சக்கரத்தை எடுக்க இடமிருக்குமா என்பதையும் பார்த்துக்கொள்க.

பலகை 18 மி.மீ. கனமுள்ள எம்.டி.எஃப். ஆகுக. நல்ல பிளைவுட்டும் ஆகும். மெல்லிய பலகை தானே அதிர்ந்து ஒலியைக் கெடுக்கும். முன்னும் பின்னும் 43.6 × 36.6 செ.மீ. அளவில் இரண்டு, மேலும் கீழும் 43.6 × 28 செ.மீ. அளவில் இரண்டு, பக்கங்கள் 33 × 28 செ.மீ. அளவில் இரண்டு; ஆக ஆறு துண்டுகள். பலகைக் கடையிலேயே இயந்திரத்தால் அறுத்துக்கொள்ளின் மூலைகள் நேராக அமையும். வீட்டில் அறுப்போர் மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் மூடிக்கொள்ளுதல் இன்றியமையாதது. இப்பலகையின் நுண்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்வது.

முன்பலகையில், குறிப்புத்தாளிற் கண்ட விட்டப்படி, வட்டம் வரைந்து துளை அறுக்க. கம்பி முனைக்குப் பின்பலகையில் சிறு துளை இடுக. மேல், கீழ், பக்கங்கள் நான்கையும் மரப்பசை தடவிச் சட்டமாகக் கூட்டி, பின்பலகையைப் பொருத்துக. திருகாணி செலுத்துமுன் மெல்லிய துளை இட்டுக்கொள்ளாவிடின் பலகையின் விளிம்பு பிளக்கும். பெட்டியை இறுக்கிக் காற்றை அடைப்பது பசையே. திருகாணி பசை உலரும்வரை பிடித்து நிற்கும் கைபோன்றது. முன்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே ஒரு தாங்குகட்டையைக் காந்தத்தின்மேல் முட்டாதவாறு பொருத்தி, பின்னரே முன்பலகையை மூடுக. பசை உலர்ந்தபின் உள்மூலைகள் அனைத்திலும் சிலிக்கான் பூசி ஒருநாள் முழுதும் விடுக. பச்சையாக இருக்கும் சிலிக்கானின் ஆவி ஒலிபெருக்கிக்கு நன்றன்று.

ஒலிபெருக்கியைப் பொருத்துமுன் அதன் விளிம்பிற்கும் பலகைக்கும் நடுவே நுரைப்பட்டை வைக்க. பின்னர்க் கூம்பை இரு கைவிரல்களாலும் மெல்ல உள்ளே அழுத்தி விடுக. அது தயங்கி மெல்லத் திரும்பின் பெட்டி காற்றுப் புகாதது. உடனே துள்ளித் திரும்பின் எங்கேனும் கசிவு உண்டு. இச்சோதனையைச் செய்யாது விடுவோர் பலர். உள்ளே சிறிது பாலியெஸ்டர் பஞ்சு தளர்வாக இட்டால் பெட்டி தன் அளவினும் சற்றுப் பெரியது போல நடந்துகொள்ளும்.

ஆம்பிளிஃபயரில் 80 ஹெர்ட்ஸிற்கு மேற்பட்ட ஒலிகளைத் தடுக்கும் அமைப்பை இடுக. பின்னர் ஒலிபெருக்கியின் இரு கம்பிகளையும் ஒருமுறை மாற்றி இணைத்துப் பார்த்து, எந்நிலையில் முன்னிருக்கையில் மந்தர ஒலி நிறைந்து கேட்கின்றதோ அந்நிலையிலேயே விடுக.

இரண்டு காவல்கள்

நல்லொலி பெறுதலினும் உயிருக்கும் உடலுக்கும் தீங்கு வாராது காத்தல் பெரிதாகலின், இரண்டு செய்திகளை வற்புறுத்துகின்றோம்.

முதலாவது, நெருப்பும் மோதலும். 300 வாட் ஆற்றல் தரும் ஆம்பிளிஃபயர் 25 ஆம்பியருக்கு மேலும் மின்னோட்டம் ஈர்க்கும். பேட்டரியினின்று வரும் கம்பி எங்கேனும் உராய்ந்து தகட்டைத் தொடின் தீப்பற்றும். ஆதலின் தக்க பருமனுள்ள செம்புக் கம்பியே இட்டு, பேட்டரியினின்று 45 செ.மீ. தொலைவுக்குள் ஃபியூஸ் வைக்க. பெட்டியோ ஒலிபெருக்கியுடன் ஏறத்தாழ 15 கிலோ எடையுளது. 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி எதிலேனும் மோதுங்கால், கட்டப்படாத அப்பெட்டி 10 மீட்டர் உயரத்தினின்று விழும் பொருளின் வேகத்தோடு முன்னே பாயும். பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் நம் தாயாகவோ தம்பியாகவோ இருக்கக்கூடும். எனவே வண்டியின் உறுதியான இரும்புச் சட்டத்தோடு கோணத் தகடும் போல்ட்டும் கொண்டு பெட்டியைப் பிணித்தல் வேண்டும். எரிபொருள் தொட்டியும் குழாயும் எங்குள்ளன என அறிந்த பின்னரே துளையிடுக.

இரண்டாவது, செவி. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பதும், 3 டெசிபல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்பதும் அமெரிக்கத் தொழில் நல ஆராய்ச்சியாளர் வகுத்த எல்லை. இக்கணக்கின்படி 100 டெசிபல் ஒலிக்குக் கால் மணி நேரமே எல்லையாம். செவியின் உள்ளே ஒலியுணரும் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இருபது வயதில் இன்பமெனக் கொண்ட முழக்கம், நாற்பது வயதில் தன் குழந்தையின் மழலையைக் கேளாதவாறு செய்யுமாயின், அவ்வின்பத்தின் விலை யாது?

மந்தர ஒலி கண்ணாடியையும் சுவரையும் கடந்து செல்வது. ஆகவே நம் இசை அயலார்க்கு இரைச்சலாகும். இந்திய அரசினரின் 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள், மருத்துவமனை, கல்விச்சாலை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த 100 மீட்டர் எல்லையை அமைதிப் பகுதியாக அறிவிக்க இடந்தருகின்றன. விதி இல்லாவிடினும், நோயாளியின் படுக்கையும் மாணவரின் படிப்பறையும் அருகிருக்கையில் ஒலியைத் தாழ்த்துதல் நற்பண்பாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான், பெட்டியின்றி மந்தர ஒலி இல்லை என்பதும், பெட்டியின் அளவு ஒலிபெருக்கியின் எண்களினின்றே பிறப்பது என்பதும், காரின் சிற்றறைக்கு மூடிய பெட்டி இயல்பாகவே இசைந்தது என்பதும் விளங்கும். இதற்கு வேண்டுவன ஒரு பலகை, சிறிது பசை, ஒருநாள் உழைப்பு, வகுத்தலும் பெருக்கலும் தெரிந்த அறிவு ஆகியவையே. வகுப்பறையில் கற்கும் பௌதிக நூல் வீட்டுக்குப் பயன்படாது என்போர் உளர். அன்னார் ஒரு பெட்டியைக் கணக்கிட்டுச் செய்து, அதில் மிருதங்கத்தின் தொப்பியைக் கேட்டுப் பார்ப்பாராக.